டீக் தெரு

நேற்று மாலைவரை வெறும் மணலாகக் கிடந்த சாலைத் திருப்பத்தில், இன்று காலை ஒரு பெயர்ப்பலகை நின்றது. பச்சைத் தகட்டில் வெள்ளை எழுத்து: டீக் தெரு. பலகை இருந்தது. தெருதான் இல்லை. அதற்குப் பின்னால் முட்புதர்களும், வெயிலில் எலும்பு நிறத்துக்கு வெளுத்துப்போன வறண்ட ஏரிப் படுகையும் தொடுவானம்வரை கிடந்தன.

ஹார்லன் டீக் காரை நிறுத்தினார். அந்தப் பாலைவன விமானப்படைத் தளத்துக்கு முப்பத்தோரு வருடங்களாக அவர்தான் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியர். இரண்டு வருடத்துக்கு ஒரு கர்னல் வருவார். வானத்தையே தான்தான் கண்டுபிடித்த மாதிரி உரையாற்றிவிட்டுப் போவார். உரையை எழுதித் தருவது ஹார்லன். ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கையில் யாரோ ஒருவருக்காவது அவருடைய நினைவு வந்திருக்கிறதே! கண் கலங்கியது. தலையைச் சீவிக்கொண்டு, பலகையோடு சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

மணலை அள்ளி வீசிய காற்று அவருடைய தொப்பியைப் பறித்துக்கொண்டு போனது. பலகை மட்டும் இம்மியும் அசையவில்லை. எங்கிருந்தோ மண்ணெண்ணெய் எரிந்த வாடை வந்தது. விமானத் தளத்தில் அது புதிதல்ல என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மகள் லோர்னாவைக் கூப்பிட்டார். தளத்தின் எழுபத்தைந்தாவது ஆண்டு விழாவில் இன்று பதினோரு மணிக்குப் பறக்கப்போகும் நான்கு விமானங்களில் கடைசி விமானம் அவளுடையது.

"அப்பா, உங்க வரலாற்றுப் புஸ்தகத்துக்கு ஏக கிராக்கி. காத்துல கூடாரம் பறக்காம இருக்க நாலு மூலைக்கும் வச்சிருக்காங்க" என்றாள். "சரி, போன அணைக்கணும். கிளம்பறேன்."

நன்றி சொல்ல ஹார்லன் நேராகப் பெயர்ப்பலகைப் பட்டறைக்குப் போனார். இக்னாசியோ பெயிண்ட் கையைத் துடைத்துக்கொண்டு முழித்தான்.

"நான் செய்யலையே சார். இந்த ஊர்ல தெருவுக்குப் பேரு வைக்கணும்னா ஃப்ளைட்லேர்ந்து விழுந்து சாகணும். நீங்க நாற்காலிலேர்ந்துகூட விழுந்ததில்லையே!"

இருவரும் சிரித்தார்கள். ஹார்லனின் சிரிப்பு பாதியில் நின்றது.

பறக்கிற டீக் ஒருத்திதான் இருக்கிறாள்.

"படிவம் வந்திருக்கா பாரு."

ஒவ்வொரு பலகைக்கும் வரலாற்றாசிரியர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். விழாப் பரபரப்பில் யாரும் தொந்தரவு செய்யக்கூடாதென்று, போன வாரம் நாற்பது வெற்றுப் படிவங்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். முப்பத்தொன்பது வெறுமையாகவே இருந்தன. ஒன்று நிரம்பியிருந்தது.

விமானி: கேப்டன் லோர்னா டீக். நாள்: இன்று. நேரம்: 11.07. இறந்த விதம்: உடனடியாக, வலியின்றி.

அது அவருடைய வாக்கியம். இறந்த ஒவ்வொரு விமானிக்கும் அதைத்தான் எழுதினார். குடும்பங்களுக்கு ஆறுதல், கர்னல்களுக்கு நிம்மதி. அலமாரியில் பூட்டிவைத்த, விமானிகளின் கடைசி நிமிட ஒலிநாடாக்கள் வேறு சொல்லும். ஒன்றில் அலறல் பத்தொன்பது விநாடி நீடித்தது. கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

படிவத்திலிருந்த எழுத்தும் அவருடையதே. மை இன்னும் காயவில்லை.

மணி 10.41.

லோர்னாவின் போன் அணைந்திருந்தது. அடுத்து, தளத்தின் இப்போதைய கர்னல் ஸ்ட்ராட்டைக் கூப்பிட்டார்.

"சார், நாலாவது விமானத்த நிறுத்துங்க. என் பொண்ணு..."

"என்ன காரணம்?"

"ஒரு... பெயர்ப்பலகை."

"ஹார்லன், மேடையில ரெண்டு செனட்டர் உக்காந்திருக்காங்க. பலகைக்குப் பயந்து விழாவ நிறுத்தினோம்னு நீங்களே வரலாத்துல எழுதுவீங்களா? போய்த் தண்ணி குடிங்க."

பலகையைப் பிடுங்கிவிட்டால்? பட்டறையிலிருந்த கடப்பாரையைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு விரட்டினார்.

11.04. திருப்பத்தை அடைந்தபோது தெரு வந்துவிட்டிருந்தது.

புதுத் தார். இன்னும் ஆவி பறந்தது. இரு பக்கமும் வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் தபால் பெட்டி; அவற்றில் பெயர்கள். அத்தனையும் அவர் கையெழுத்திட்ட பெயர்கள். கடப்பாரையைக் கம்பத்தடியில் குத்தினார். குத்தினார். கம்பம் சூடாக இருந்தது. உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டது. கம்பம் அசையவில்லை.

தூரத்து ஒலிபெருக்கியில் கர்னலின் குரல். ஹார்லன் எழுதிய உரை.

"இந்தப் பாலைவனம் தன் வீரர்களை ஒருபோதும் கைவிடுவதில்லை..."

கதவுகள் திறந்தன.

வெளியே வந்தார்கள். தோலோடு உருகி ஒட்டிய சீருடைகள். தளத்துக்குப் புதிதாகக் குடிவருபவர்களை அண்டை வீட்டார் சாப்பாட்டோடு வரவேற்பார்களே, அப்படி ஒவ்வொருவர் கையிலும் மூடிய பாத்திரம். தெருவோரம் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் ஹார்லனைப் பார்க்கவில்லை. கடைசி வீட்டில் ஆளில்லை. கதவு திறந்திருந்தது. சமையலறை விளக்கு எரிந்தது.

மேலே இரைச்சல். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது, சற்றுப் பின்தங்கி. அதன் வாலில் மெல்லிய கறுப்புக் கோடு.

வரிசையிலிருந்த அத்தனை முகங்களும் ஒன்றாக வானத்தை நோக்கி நிமிர்ந்தன. முகம் என்று சொல்ல மிச்சமிருந்தவை. வாய்கள் திறந்தன. அந்தச் சத்தம் ஹார்லனுக்குத் தெரியும். ஒட்டிய கைகளைப் பிய்த்துக் காதைப் பொத்தினார். பொத்திய கைகளுக்குள்ளிருந்துதான் அது வந்துகொண்டிருந்தது, லோர்னாவின் குரலில்.

அவர் விநாடிகளை எண்ணத் தொடங்கினார்.