மேனகா குழந்தையை டிஸ்சார்ஜ் செய்த கதை

செத்துப்போன குழந்தையை நெஞ்சில் போட்டு நாற்பத்தொரு நாள் வளர்த்து, ஆயிரத்து நூறு கிராமிலிருந்து ஆயிரத்து எண்ணூறு கிராமுக்கு எடை ஏற்றி, முறைப்படி டிஸ்சார்ஜ் செய்து தாயிடம் ஒப்படைத்தவள் இந்தப் புதுச்சேரியில் நான் ஒருத்திதான்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அமிர்தவல்லி சிஸ்டர் ஊசி போட்டால் வலிக்கு விஷயம் தெரியவே மறுநாள் ஆகும் என்பது மாதிரி ஏகப்பட்ட கதைகள் என்னைப் பற்றி உலவின. பாதிக்கு மேல் நானே கிளப்பிவிட்டவை. ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பழுது பார்க்கும் தணிகாசலம், நான் எதைச் சொன்னாலும் பத்தில் ஒன்பதைத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பாதியாக்கித்தான் கேட்பார். நீங்களும் அப்படியே கேளுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் எதையும் கூட்டவில்லை. அந்த இடம் வரும்போது உங்களுக்கே தெரியும்.

ரிட்டையர் ஆகி நாலாவது மாதம் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ரெட்டியார்பாளையம் வீட்டில் என் வாய்க்கு வேலையில்லாமல் கிடந்த நேரம். வேட்டி கட்டத் தெரிந்திருந்தால் அதை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடியிருப்பேன். கங்காரு வார்டு என்று பெயர். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பெட்டியில் வைக்காமல் தாயின் வெறும் நெஞ்சில் படுக்கப்போட்டு, துணியால் கட்டி, தாயின் சூட்டிலேயே தேற்றுவது. பிரெஞ்சுக்காரன் காலத்து உயரமான அறை. ஜன்னல்கள் யானை நுழையும் அளவு. சுவரில் உப்புக்காற்று தின்ற காரை. டெட்டால் வாசனைக்கு அடியில் எப்போதும் லேசாகத் திரிந்த பால் வாசனை.

அங்கேதான் அந்த பெல்ட் வந்து சேர்ந்தது. இரண்டு விரல் அகலம், நடுவில் சட்டைப் பொத்தான் அளவு ஒரு கருவி. குழந்தையின் மாரில் கட்டினால் சூடு, துடிப்பு, மூச்சு, குழந்தை நிமிர்ந்து இருக்கிறதா, தாயின் தோல் மேல் இருக்கிறதா, எல்லாம் என் மேஜையில் இருக்கும் டேப் என்கிற சிலேட்டு மாதிரித் திரையில் தெரியும். தோல் ஒட்டியிருந்தால் பச்சைப் பொட்டு. விலகினால் சிவப்பு. மூச்சு நின்றால் மணி அடிக்கும்.

ஆராய்ச்சிக்காக மூன்று மாதம் கட்டிப் பார்த்தார்கள். எந்த வார்டில் எத்தனை மணி நேரம் பச்சை என்று வாரா வாரம் வாசலில் எழுதி ஒட்டுவார்கள். என் வார்டுதான் எப்போதும் முதலில். இன்னொரு வார்டு கிட்டேகூட வந்ததில்லை. இதில் மிகை எதுவும் இல்லை.

எப்படி என்று தணிகாசலம் கேட்பார். கைராசி என்பேன்.

கைராசி இல்லை. தாய்மார் சாப்பிட, குளிக்க எழுந்திருப்பார்கள். குழந்தையைத் தொட்டிலில் விடுவார்கள். உடனே சிவப்பு. அந்த நேரத்தில் குழந்தையின் பெல்ட்டைக் கழற்றி என் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வேன். என் தோலும் தோல்தானே. சூடு சரியாக இருக்கும். துடிப்புதான் இடிக்கும். என்னுடையது எண்பது, சிசுவுக்கு நூற்று நாற்பது வேண்டும். அதனால் மாடிப்படி ஏறி இறங்குவேன். அறுபத்தொரு வயதில், மூச்சு இரைக்க, இருபத்திரண்டு படி மேலே, இருபத்திரண்டு படி கீழே. டேப் ஏமாந்து பச்சையாகவே இருக்கும். இப்படி எத்தனை குழந்தைகளாக நான் படி ஏறியிருக்கிறேன் என்று நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

ஏழாம் நம்பர் படுக்கையில் மேனகா. காலாப்பட்டு குப்பத்துப் பெண், புருஷன் கடலுக்குப் போகிறவன். ஏழாம் மாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எங்கள் வழக்கப்படி தாயின் பெயர்தான், மேனகா குழந்தை. ஆயிரத்து நூறு கிராம். மேனகாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கழுத்தை நேராகப் பிடி, மடங்கினால் மூச்சு அடைக்கும் என்பது.

ஒரு மதியம் மேனகா வீட்டிலிருந்து சோறு வந்திருக்கிறது என்று வாசல் கேட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். மேனகா என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். குழந்தையைத் தொட்டிலில் விட்டேன். பெல்ட்டைக் கழற்றினேன். படி ஏறப் போனேன்.

இருபது நிமிடம்.

திரும்பி வந்தபோது டேப்பில் மேனகா குழந்தை பச்சையாக இருந்தது. துடிப்பு நூற்று நாற்பத்திரண்டு.

தொட்டிலில் கழுத்து மடங்கிக் கிடந்தது.

டாக்டர் வருவதற்குள் பெல்ட்டைத் திரும்பக் கட்டிவிட்டேன். இதைவிடக் கேவலமாக என் கை எதையும் செய்ததில்லை. டேப்பில் துடிப்புக் கோட்டைப் பார்த்தவர்கள் கடைசி வினாடி வரை நன்றாக இருந்து திடீரென்று நின்றுவிட்டது என்றார்கள். மேனகா மட்டும் சுவரோடு ஒட்டி நின்று, நான் சோறு தின்னப் போயிருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

ஆமாம், தட்டிக்கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பகல் இரண்டு மணி. ஊரே கடையைச் சாத்திவிட்டுக் கண்ணயரும் நேரம். அந்த பெல்ட்டைத் துவைத்து, பேட்டரியைப் பிடுங்கி, பீரோவில் பூட்டிச் சாவியைத் தணிகாசலம் கொண்டுபோயிருந்தார்.

டேப் லேசாக ஒலித்தது.

மேனகா குழந்தை. தோல் தொடர்பு: உண்டு. நிலை: நிமிர்ந்து. துடிப்பு: 142.

அப்போதுதான் என் நெஞ்சின் நடுவில் ஒரு சூடு வந்து ஒட்டியது.

முதலில் உள்ளங்கை அளவு. பிறகு வயிறு, மடக்கிய கால், ஒரு பக்கம் சாய்ந்த கன்னம். கழுத்தெலும்புக் குழியில் ஈரமான சின்ன மூச்சு.

குனிந்து பார்த்தேன். ரவிக்கையும் புடவையும்தான் இருந்தன.

தணிகாசலம் வந்து பார்த்துவிட்டு, பழைய கணக்கு டேப்பில் தங்கிவிட்டது என்று அந்தப் பெயரை அழித்தார். மறுநாள் இரண்டு மணிக்குப் பெயர் திரும்ப வந்தது. டேப்பையே மாற்றினார். புது டேப்பிலும் வந்தது. எல்லாவற்றுக்கும் பேட்டரியில் காரணம் வைத்திருப்பவர், பேட்டரியே இல்லாததற்கு மட்டும் காற்றில் கரண்ட் இருக்கும் சிஸ்டர் என்றார். நான் சொல்வதைவிட அது பெரிய புளுகாகத் தெரிந்தது.

தாய்மார் எடை பார்க்கும் மெஷினில் ஏறினேன். காலையில் அறுபத்திரண்டு கிலோ. இரண்டு மணிக்கு அறுபத்து மூன்று கிலோ நூறு கிராம்.

ஆயிரத்து நூறு கிராம்.

ஒருநாள் தாங்க முடியாமல் நாற்காலியை விட்டு எழுந்து தெருவுக்கு ஓடப் பார்த்தேன். டேப்பில் சிவப்பு விழுந்தது. வார்டில் அழுதுகொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே நொடியில் வாயை மூடின. பன்னிரண்டு குழந்தைகள். நாள் கணக்கில் வயதான, பார்வை நிற்காத குழந்தைகள். பன்னிரண்டும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தன.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் உட்கார்ந்தேன். வெற்று நெஞ்சைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு கையால் இல்லாத பிட்டத்தைத் தாங்கி, மறு கையால் இல்லாத கழுத்தை நேராகப் பிடித்துக்கொண்டு. அமிர்தவல்லிக்கு மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். குழந்தை அழவே இல்லை. சில சமயம் கன்னத்தை வலமிருந்து இடம் மாற்றிக்கொள்ளும். நாள் ஒன்றுக்கு பதினேழு பதினெட்டு கிராம் ஏறியது. நல்ல தாயிடம் நல்ல குழந்தை ஏறுகிற எடை.

நாற்பத்தொன்றாம் நாள் ஆயிரத்து எண்ணூறு.

டேப்பில் ஒரு வரி வந்தது: வீட்டுக்குத் தயார். தாயிடம் ஒப்படைக்கவும்.

குழந்தை வந்ததைவிட அந்த வரிதான் என்னைப் பயமுறுத்தியது. ஒப்படைக்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ஆயிரத்து எண்ணூறு இரண்டாயிரமாகும், மூன்றாயிரமாகும். தவழும். பேசும்.

தணிகாசலத்திடம் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பையில் செருகினார்.

"பேயை நம்பல சிஸ்டர். மாடிப்படியை நம்பறேன்."

அதற்குமேல் என்னை அவர் ஏசியிருந்தால்கூடத் தேவலை. போய்ச் சொல்வதுதான் சரி, வண்டி எடுக்கிறேன் என்றார்.

மதியம் இரண்டு மணிக்கு அவர் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க வெயில். சென்னை பஸ்கள் உரசிக்கொண்டு போயின. ஒரு கை அவர் தோளில், மறு கை என் நெஞ்சுக்கும் அவர் முதுகுக்கும் நடுவில். காலாப்பட்டு வரை அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, சைக்கிள்காரன்கூட முந்துகிற வேகத்தில் ஓட்டினார்.

மேனகா வீட்டு வாசலில் வலை காய்ந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், எலும்பாக இளைத்துப்போய். பக்கத்தில் மூடி வைத்த தட்டு. அன்றிலிருந்து மதியச் சோற்றை அவள் தொடுவதில்லை என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்.

நான் எதையும் கூட்டாத இடம் இதுதான்.

பெல்ட்டைக் கழற்றியதைச் சொன்னேன். படிகளைச் சொன்னேன். திரும்பக் கட்டியதைச் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப, நான் சோறு துன்னப் போனதால இல்லியா?"

"இல்லம்மா. நீ என்கிட்ட உட்டுட்டுத்தான போன. பெல்ட் அவ மேல இருந்திருந்தா மணி அடிச்சிருக்கும். நான்தான் கழட்டினேன்."

காற்று நின்றிருந்தது. வலையில் ஒரு ஈ ஊர்ந்தது.

மேனகா என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நான் சொல்லிக்கொடுத்த அதே குரலில் மெதுவாகச் சொன்னாள்.

"கழுத்த நேரா புடிங்க சிஸ்டர். மடங்குது."

என் கை தானாக நிமிர்ந்தது.

அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

நான் கொடுத்தேன். காற்றைத்தான் கொடுத்தேன். ஆனால் என் நெஞ்சு சட்டென்று குளிர்ந்தது. அவள் கைகள் ஒரு விரற்கடை கீழே தாழ்ந்தன. அவள் ரவிக்கையில் இரண்டு ஈர வட்டங்கள் மெல்ல விரிந்தன. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன விழுங்கும் சத்தம்.

என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். வேலை போயிற்று. விசாரணை நடக்கிறது. கூப்பிட்டபோதெல்லாம் போய் அதையே சொல்கிறேன், ஒரு சொல் கூட்டாமல்.

போன வாரம் தணிகாசலம் ரெட்டியார்பாளையத்துக்கு வந்தார். காப்பியை ஆறவிட்டார். பெல்ட் இன்னும் அவர் பீரோவில்தான், பேட்டரி இல்லாமல். டேப்பில் மேனகா குழந்தை ராப்பகலாகப் பச்சை. இரண்டாயிரத்து நூறு கிராம். இப்போதாவது நம்புகிறீரா என்று சீண்டினேன். வழக்கம்போல் பேட்டரி, கரண்ட் என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவிக்கொண்டார்.

"அன்னிக்கு காலாப்பட்டு போறப்ப என் முதுகுல ரெண்டு துடிப்பு இருந்துச்சு சிஸ்டர். ஒண்ணு உங்களுது, இன்னொண்ணு வேகமா. வர்றப்ப ஒண்ணுதான். நடந்துச்சு, ஒத்துக்கறேன்."