உள்பக்கம் பிடிக்க ஓர் ஆள்

போல்ட் சும்மா சுற்றியிருக்க வேண்டும். சுற்றவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை மழை போட்டு அடித்துக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஈரத் தகரத்தின் வாடையும் புதிதாகத் துளை போட்ட பிளாஸ்டிக்கின் தீய்ந்த வாடையும் ஒன்றாக மூக்கில் ஏற, இரண்டு ஸ்டூல்களின் மேல் கிடத்தியிருந்த கயாக்கின் முதுகில் குனிந்து, பிளம்பர் திருப்புளியை அழுத்தித் திருகிக்கொண்டிருந்தான். "பிடிச்சுக்கிட்டியா மேஸ்திரி?" என்று தலை நிமிராமலே கேட்டான். "ம்" என்று பதில் வந்தது. திருகினான். போல்ட் கப்பென்று கடித்தது. அதற்கு மேல் ஒரு நூல் அசையவில்லை. நல்ல பதமான இறுக்கம். காலமெல்லாம் குழாய் முடுக்கிய கைக்கு அந்த இறுக்கம் பழகிய முகம் மாதிரி.

அப்போதுதான் அடுப்படிக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் டீ டம்ளரோடு, அவன் மனைவி கொட்டகைக்குள் வந்தாள்.

"யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

"உன்கிட்டதான்."

"நான் எங்க இங்க இருந்தேன்? பால் பொங்கி வழிஞ்சு அடுப்பைத் துடைச்சிட்டு வரேன்." டம்ளரை நீட்டினாள். "வயசாகுதுங்க உங்களுக்கு. தனியா பேசறது முதல் படி."

அவன் சிரித்தான். டீயை ஒரு வாய் குடித்தான். குடித்த வாயோடு சுவரைப் பார்த்தான். உள்ளே நட்டைப் பிடிக்க அவன் செய்து வைத்த குச்சி சுவரில் சாத்தியபடியே இருந்தது. அதன் நுனியில் ஸ்பேனர். ஸ்பேனரின் வாயில், ஒட்டிய டேப் பிரியாமல், நட்டு.

கயாக் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. ஒரே ஆள் மேலே உட்கார்ந்து துடுப்பு போடுகிற பிளாஸ்டிக் படகு. மேல் ஓடு ஒன்று, அடி ஓடு ஒன்று, நடுவில் காலி. அந்தக் காலிக்குள் எட்டிப் பார்க்க மூக்குப் பக்கம் ஒரு வாய், இருக்கைக்குப் பின்னால் ஒரு வாய், இரண்டுக்கும் திருகு மூடி. ஏரிக்கரையில் வாடகைக்கு விட்டுக் கழித்துப் போட்ட படகு. தொட்டி கழுவப் போன இடத்தில் வழுக்கி விழுந்து அவன் வலது தோள் கெட்டுப்போனதும், கான்ட்ராக்டர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மீன்கடை அக்காதான் வழி சொன்னாள். "ஏரி மீன் கொண்டாந்தா அப்படியே எடுத்துக்கறேன் தம்பி. திங்கக்கிழமை விடியும்போது கடையில இருக்கணும். இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன், அப்புறம் அக்கா மேல வருத்தப்படக் கூடாது." தையல் மெஷினுக்காகச் சேர்த்து வைத்திருந்ததை மனைவி எடுத்து நீட்டினாள். "படகு ஓடலைன்னா இதுலயே துணி ஊற வெச்சுக்கறேன்" என்றாள்.

வெறும் படகை மீன்பிடிப் படகாக்க ஒரு வாரமாகப் பாடுபட்டான். துடுப்பு தட்டுகிற சத்தத்துக்கு மீன் ஓடிவிடும் என்று விளிம்பு முழுக்கப் பழைய ரப்பர் பாயை வெட்டி ஒட்டினான். நங்கூரக் கயிறு ஓட ஒரு கப்பி வைத்தான். பின்னால் மீன் போட ஒரு காய்கறிப் பெட்டியைக் கட்டினான். பிவிசி குழாயைச் சூடு காட்டி வளைத்து, தூண்டில் கம்பு சொருக நாலு கூடு செய்தான். வம்பு அங்கேதான். மேலே போல்ட்டைத் திருகும்போது உள்ளே யாராவது நட்டைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நட்டும் கூடவே சுற்றும், விடிய விடியத் திருகலாம்.

அவன் கை உலக்கை. அந்த வாய்க்குள் முழங்கையோடு நின்றுவிடும். அவளுடையது ஒல்லிக் கை. தோள்வரை உள்ளே விட்டு, கன்னத்தைப் படகின்மேல் சாய்த்து, பின்சுவரைப் பார்த்தபடி, ஆணி ஒன்று அடித்தாலும் பக்கத்தில் நின்று கோணல் சொல்வதால் அவன் மேஸ்திரி என்று கூப்பிடும் அவள், நட்டைப் பிடிப்பாள். உள்ளே அவளுடைய இரண்டு வளையல்களும் ஓட்டில் உரசிக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அவள் கை எந்த இடத்தில் இருக்கிறது என்று அவன் சொல்லிவிடுவான். பின்பக்கக் கூடுகள் இரண்டும் காலையிலேயே அப்படி முடிந்தன. முன்பக்கம் இரண்டு, முட்டிக்குப் பக்கத்தில், பாக்கி. அந்த இடத்துக்கு எந்த வாயிலிருந்தும் எவர் கையும் எட்டாது. அதற்குத்தான் அந்தக் குச்சி.

குச்சி உள்ளே போகவே இல்லை.

"மாட்டிட்டீங்களா ஒண்ணு?" என்றாள் மனைவி, இறுகிய கூட்டை ஆட்டிப் பார்த்து. "நான் இல்லாமயா? பலே."

"பிளாஸ்டிக்கே கடிச்சுக்கிச்சு போல" என்றான். சொன்னதும் அவனுக்கே அது சரியாகப் பட்டது. அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போல்ட் பிளாஸ்டிக்கைக் கடிக்கும்தான். இப்படிக் கடிக்காது. அது அவனுக்குத் தெரியும். போனில் விளக்கைப் போட்டுப் பின்வாய்க்குள் பிடித்தான். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் மெதுவாகப் பட்டது. ஒரு மாதமாகக் கூரைக்கடியில் காய்ந்து கிடக்கும் படகு. ஆனால் மூடி எத்தனையோ நாள் திறக்காத தண்ணீர்த் தொட்டியின் வாடை. அந்த வாடையில் இறங்கித்தான் அவன் பிழைப்பே நடந்தது. தொட்டிக்குள் பாசியும் வண்டலும் ஒரு வாடை. ஏதாவது விழுந்து கிடந்தால் வேறு வாடை. இது அந்த இரண்டாவது வாடை.

வெளிச்சம் சாம்பல் நிற ஓட்டின்மேல் ஊர்ந்து போனது. தூரத்தில் போல்ட்டின் நுனி தெரிந்தது. மொட்டையாக. அதில் நட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

இடப்பக்கம் வரிசையாக நாலு உருண்டை தெரிந்தது. துளை அடைக்கிற மக்கு. அவனுக்கு முன்னால் யாரோ இதே படகில் இதே மாதிரி துளை போட்டிருக்கிறார்கள். ஏனோ பாதியில் விட்டு, மக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள். மேலே வழித்துப் பெயின்ட் அடித்திருந்ததால் வாங்கும்போது தெரியவில்லை. உள்பக்கம் யாரும் வழிக்கவில்லை. ஆனால் அழுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு உருண்டையிலும் நடுவே ஒரு குழி. கட்டைவிரல் குழி. ரேகைகூடத் தெரிந்தது.

எந்த வாயிலிருந்தும் எவர் கையும் எட்டாத இடம்.

விளக்கை அணைத்தான். கொட்டகைக்குள் பகல் வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது. மழை ஒரு தடவை ஓங்கி அடித்து, பிறகு தணிந்து, தகரத்தின் மடிப்புகளிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. உட்கார்ந்தான். எழுந்தான். மூலையில் கிடந்த கயிற்றைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான். போய்ச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? படகுக்குள் ஆள் இருக்கிறான் என்றா? ஒரு தடவை தொட்டிக்குள் அவன் தன் மூச்சே எதிரொலித்ததைக் கேட்டுப் பதறி ஏறிவந்த கதையை அவள் இன்னும் சொந்தக்காரர்களிடம் நடித்துக் காட்டுகிறாள்.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தான்.

இரண்டாவது துளையில் போல்ட்டை இறக்கினான். கீழே நட்டு இல்லை, குச்சி இல்லை, யாரும் இல்லை. திருகினான். சும்மா சுற்றியது. இன்னும் திருகினான். எண்ணெய் போட்டது போல் சும்மாவே சுற்றியது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மடத்தனம். தோள் வலி, தூக்கமில்லாத வாரம், மீன்கடை அக்காவின் கெடு எல்லாம் சேர்ந்து படுத்துகிற பாடு. சிரித்தபடி இன்னொரு சுற்று விட்டான்.

போல்ட் தானாகப் பின்னால் திரும்பியது.

அரைச் சுற்று. மெதுவாக. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு முன்னால்.

அவனுக்குத் தெரியும் அது என்ன என்று. நட்டு கோணலாக ஏறாமலிருக்க, தொழில் தெரிந்தவன் முதலில் பின்பக்கம் திருப்புவான். புரி 'டிக்' என்று விழும். அப்புறம்தான் முன்பக்கம். அவன் கையாள்களுக்கெல்லாம் அவன் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த விஷயம்.

திருப்புளியை விட்டுவிட்டான். அது போல்ட்டின் தலையில் நின்றபடி கொஞ்சம் ஆடியது.

"யாரு?" என்றான்.

"ம்."

வேலை நடக்கட்டும் என்கிற மாதிரி ஒரு 'ம்'.

அடுப்படிப் பக்கம் பாத்திரம் உருண்டது. அந்தச் சத்தம்தான் அவனை அசைய வைத்தது. பாய்ந்து போல்ட்டைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருகினான். உள்ளே பிடித்திருந்தது விடவில்லை. பிறகு, போனால் போகிறது என்பதுபோல் விட்டது. போல்ட் கையோடு வந்தது. நுனி ஈரமாக இருந்தது. துணியில் துடைத்துக் கீழே போட்டான். படகின் மூக்குப் பக்க மூடியைப் பல்லைக் கடித்து இறுக்கினான். பின்மூடியையும் இறுக்கினான். வலது தோள் விண்ணென்று தெறித்தது.

"முடிஞ்சுதா?" கதவில் அவள் தலை. "நான் வரவா, நட்டு பிடிக்க?"

"வேண்டாம்!"

அவள் முகம் மாறியது. அவன் அப்படிக் கத்தியதே இல்லை.

"இனிமே நானே பாத்துக்கறேன்" என்றான், குரலைத் தணித்து. "நீ உள்ள போ."

"அதென்ன திடீர்னு ரோஷம்?" என்றாள். பார்வை அவன் தோளுக்குப் போனது, கீழே கிடந்த போல்ட்டுக்குப் போனது, திரும்பி வந்தது. "சரிங்க. ஒத்தைக் கையால கிழிங்க." கோபம் இல்லை அதில். இரக்கம்தான் இருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மூடிக்கொண்ட அந்த வாய்தான் வினையாயிற்று.

கயிற்றை எடுத்துக்கொண்டு சந்து வழியாக வீட்டின் முன்பக்கம் போனான். அங்கே தள்ளுவண்டி நின்றது. படகை அதில் கட்டி, கொண்டுபோய், ஏரியிலோ எங்கேயோ தள்ளிவிட்டு வரவேண்டும். இருட்டுவதற்குள். சக்கரம் இரண்டிலும் காற்று இல்லை. மழையில் நின்றபடி மீன்கடை அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, நாளைக்கு வர முடியாது."

"மழைக்கா பயப்படறே?"

"இல்லக்கா. நாளைக்கு மட்டும் இல்ல. நான் வரல."

அந்தப் பக்கம் அக்கா மீன் வெட்டிக்கொண்டே சொன்னாள். "சரி தம்பி. உன் இஷ்டம். நான் வேற ஆளைச் சொல்லிடறேன்." வைத்துவிட்டாள்.

ஒரு பிழைப்பு போனது. ஆனால் நெஞ்சிலிருந்து கல்லை இறக்கிய மாதிரி இருந்தது. அவளிடம் இப்போது சொல்லிவிடலாம். சிரிக்கட்டும். சொந்தக்காரர்கள் முன்னால் நடித்துக் காட்டட்டும். மெஷினுக்கு எப்படியாவது சம்பாதித்துக் கொடுத்துவிடலாம்.

மழை சட்டென்று நின்றது.

நின்ற அமைதியில் கேட்டது.

கிணுகிணு.

ஓடினான். சந்தில் சேறு. செருப்பு கழன்றது. விட்டுவிட்டு ஓடினான்.

கொட்டகை வாசல். உள்ளே அரை இருட்டு. அவள் முழங்காலிட்டிருந்தாள். பின்மூடி தரையில் கிடந்தது. வலது கை தோள்வரை உள்ளே. கன்னம் படகின்மேல். முகம் பின்சுவரைப் பார்த்து. சுவரில் குச்சி இல்லை. கழற்றிப் போட்ட போல்ட் மறுபடி துளையில் நின்றது.

"வந்துட்டீங்களா?" என்றாள், திரும்பாமல். "ரோஷக்காரருக்கு ஒத்தாசை. குச்சியை வெச்சுப் பிடிச்சிருக்கேன். திருகுங்க."

அவன் வாயைத் திறந்தான்.

"திருப்புளியைப் பிடிச்சுக்கிட்டீங்களா?" என்றாள் அவள்.

"ம்."

அவன் சொல்லவில்லை.

அவள் சிரித்தாள். "குச்சியை ஏன் பிடுங்கறீங்க? ஓ, முன்பக்கமா கையை விட்டுட்டீங்களா. எட்டாது எட்டாதுன்னு ஊரைக் கூட்டினீங்க." குச்சி உள்ளே விழுந்து உருளும் சத்தம். "ஐயே. என்ன இது, கையைப் பிடிச்சுக்கிட்டு. இந்த வயசுலயா? விடுங்க."

மூக்குப் பக்க மூடி இறுகியே இருந்தது. கயிறு அவன் கையில் இருந்தது. இரண்டு கையிலும்.

"ஜில்லுன்னு இருக்குங்க உங்க கை. மழையில நின்னீங்களா?"

ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி.

கிணுகிணு. பின்வாய்க்குக் கீழே. அவள் தோளுக்குப் பக்கத்தில்.

கிணுகிணு. இருக்கைக்கு அடியில்.

கிணுகிணு. முட்டி வைக்கும் இடத்தில்.

அவள் தோள் அசையவே இல்லை. படகின் வாயில் அப்படியே பொருந்தியிருந்தது. கன்னம் பிளாஸ்டிக்கில் அழுந்தியிருந்தது. சிரிப்பு இன்னும் முடியாமல் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

"இழுக்காதீங்க" என்றாள். "கூசுது."

போல்ட் அரைச் சுற்று பின்னால் திரும்பியது. டிக்.

பிறகு, படகின் மூக்கில், அவன் தன் கையால் இறுக்கிய மூடிக்கு நேர் கீழே, அவள் தோளிலிருந்து ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால், இரண்டு வளையல்களும் மெதுவாக ஒன்றோடொன்று மோதின.