டவரின் மூன்றாம் மேடை

டொம்லூர் தாண்டியதும் கட்டடங்களுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு தெரியும் அந்த டவரை, நான்கு வருஷமாகத் தினமும் இரண்டு முறை பார்த்து வந்தாள் அனுஷா. காலையில் வைட்ஃபீல்டுக்குப் போகும் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து ஒரு முறை. ஈஜிபுராவில் இருக்கும் ஒற்றை அறைக்குத் திரும்பும்போது இன்னொரு முறை.

பதினோரு வருஷத்துக்கு முன்பே மூடிப்போன நீச்சல் குளத்தின் டைவிங் டவர் அது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சிமெண்ட் மேடைகள். பின்னால் வளைந்து ஏறும் படிக்கட்டு. ஆட்டோக்காரர்களிடம் 'டவர்' என்று சொன்னால் போதும், வேறு அடையாளம் கேட்க மாட்டார்கள். ஆம்பூரிலிருந்து வேலைக்கு வந்தவளுக்கு இந்த ஊரில் நன்றாகத் தெரிந்த முகம் என்று ஏதாவது உண்டென்றால், அது இந்த டவர்தான்.

அதை இடிக்கப் போவதாகக் கேட்டில் போர்டு மாட்டினார்கள்.

ஊரின் பழைய கட்டடங்களை உட்கார்ந்து வரைகிற குழு ஒன்று, டவர் போவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடப்போகிறது என்று தெரிந்ததும் அனுஷாவும் போய்ச் சேர்ந்துகொண்டாள். குழுவை நடத்துபவர் கிளாரன்ஸ். ஃபேக்டரியில் டிராயிங் வேலை பார்த்து ரிட்டையரானவர்.

"பன்னெண்டு மணிவரைக்கும்தான் பர்மிஷன். மேல யாரும் ஏறக் கூடாது, படி ஆடுது. வரைஞ்சு முடிச்சதும் மூலையில டைம் எழுதிடுங்க" என்றார்.

எல்லோரும் இரண்டு மூன்று பேராகப் பேசிக்கொண்டே இடம் பிடித்தார்கள். அனுஷா குளத்தின் மறுகோடிக்குப் போய், விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். கீழே உடைந்த நீல டைல்ஸ். காய்ந்த இலை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஆனால் குளோரின் வாசனை வந்தது. இப்போதுதான் கொட்டிக் கலக்கியதுபோல, மூக்கு எரிய.

பழைய குளமாயிற்றே, சுவரில் ஊறிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்து பார்க்கும்போது டவர் பஸ்ஸிலிருந்து தெரிந்ததைவிடப் பெரியதாக, அழகாக இருந்தது. மூன்றாம் மேடையின் முனை, குதிக்கப் போகிறவனின் பாதம்போல லேசாக மேல்நோக்கி வளைந்திருப்பதை இன்றைக்குத்தான் கவனித்தாள். அந்த வளைவு பிடிபடாமல் அழித்து அழித்து வரைந்தாள்.

சப்... சப்... சப்...

ஈரக்கால் சிமெண்டில் படும் சத்தம். குழுவில் யாரோ நடக்கிறார்கள். அவள் நிமிரவில்லை.

சத்தம் நெருங்கி வந்து நின்றது.

வெயில் நன்றாக ஏறியிருந்தும் இடது தோள் மட்டும் சில்லென்று ஆனது. பஸ்ஸில் யாராவது உட்கார வந்தால் செய்வதுபோல, பக்கத்தில் கிடந்த பையை யோசிக்காமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்தாள்.

பதினொன்றரைக்கு மற்றவர்கள் தங்கள் படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினார்கள். சிரிப்பும் பேச்சுமாக ஆரம்பித்தது.

கிளாரன்ஸின் முகம் மாறியது. "யாரு மேல ஏறினது?"

"யாரும் ஏறலையே அங்கிள்" என்றாள் மல்லேஸ்வரத்திலிருந்து வந்திருந்த அதிதி.

"அப்ப இது யாரு?"

ஒவ்வொரு படத்திலும் ஒரு பெண் இருந்தாள். ஈர முடி முதுகோடு ஒட்டியிருந்தது. நம் குழுவில் யாரோ என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்து, கண்ணில் பட்டபடி வரைந்திருந்தார்கள்.

கிளாரன்ஸ் குனிந்து, மூலையில் எழுதியிருந்த நேரப்படி படங்களை மாற்றி அடுக்கினார்.

ஒன்பது நாற்பது. மூன்றாம் மேடையில் நிற்கிறாள்.

பத்து ஐந்து. பாதிப் படியில் இருக்கிறாள்.

பத்தரை. கீழே, குளத்தின் ஓரமாக நடக்கிறாள்.

கடைசிப் படம் அதிதியுடையது. பதினொன்று பத்து. குளத்து விளிம்பில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் மடியில் பை. மற்றவள் தலையைச் சாய்த்து, அவள் வரைவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககூட வந்தவங்கன்னு நினைச்சேன்" என்றாள் அதிதி, அனுஷாவைப் பார்த்து. "அவ்வளவு நெருக்கமா உக்காந்திருந்தாங்க."

அனுஷா தன் நோட்டைத் திறந்தாள். அவள் வரைந்த டவரில் மட்டும் யாரும் இல்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் கிளம்பினார்கள். அனுஷா மட்டும் கேட்டில் நின்றாள். கேட்டில் காவலுக்கு இருந்த சந்திரம்மா, குளம் நடந்த காலத்தில் அங்கே பெருக்கும் வேலை பார்த்தவள். அவளிடம் மெதுவாகக் கேட்டாள்.

சந்திரம்மா சொன்னாள்.

"ஒரு பொண்ணு வரும். ஒண்டியா வரும், ஒண்டியா போகும். ஒருநாள் மேலருந்து குதிச்சது, ஏறி வரல. கூட யாரும் இல்ல, யாரும் பார்க்கல. மறுநாள் காலையிலதான் கண்டோம்."

"அவங்க வீட்டுல?"

"செருப்பு பத்து நாள் இங்கேயே கிடந்துச்சும்மா. கேட்டுக்கிட்டு ஒருத்தரும் வரல."

பயம் இரண்டு நாளில் மட்டுப்பட்டது. அந்தச் செருப்பு மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை. தன் செருப்பு அப்படிக் கிடந்தால் எத்தனை நாளில் யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தாள். பதில் பிடிக்கவில்லை.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, இடிப்பதைப் பார்க்கப் போனாள். எதிர்ச்சாரியில் அவளைத் தவிர யாரும் நிற்கவில்லை. இயந்திரம் மூன்றாம் மேடையைக் கவ்வியது. வளைந்த முனை உடைந்து விழுந்து, சாலை முழுக்கப் புழுதி எழுந்தது.

வழியனுப்ப ஒருத்தராவது இருக்கட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது.

"போயிட்டு வா" என்றாள்.

வழியனுப்பும்போது எல்லோரும் சொல்வதுதான். சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை அவளுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறைக்கு வந்து போனை ஷெல்ஃபில் சார்ஜுக்குப் போட்டாள். குழுவின் வாட்ஸ்அப்பில் கிளாரன்ஸ் கேட்டிருந்தார்: "ஞாயிறு மல்லேஸ்வரம் மார்க்கெட். அனுஷா, உன்கூட வர்றது யாரும்மா?"

மேலே தள்ளிப் பார்த்தாள். வருகிறவர்களின் பட்டியலில், அவள் நம்பரிலிருந்தே போயிருந்தது: அனுஷா, 2 பேர்.

'தப்பா வந்துடுச்சு அங்கிள். நான் மட்டும்தான்' என்று அடித்து அனுப்பிவிட்டு, எட்டிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

ஷெல்ஃபில் போன் தானாக வெளிச்சமானது.

யாரும் தொடாமல், எழுத்து எழுத்தாக ஏதோ அடிக்கப்படும் சத்தம் கேட்டது. நின்றது.

எழுந்து போய்ப் பார்த்தாள். அவள் அனுப்பியதற்குக் கீழே, அவள் பெயரில் இன்னொன்று.

'இல்ல அங்கிள். நாங்க ரெண்டு பேரும் வர்றோம்.'