சாரிபெல் ஆட்டு ரத்தம்

ஓமுர்சாக் தன் வேட்டை நாயின் காலில் இருந்த காயக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டைப் போட்ட ஜெய்னெப்பே அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண், வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல், முகத்தில் ரத்தமே இல்லாமல் நின்றாள்.

"ஐயா, இவங்க நூர்ஸாதா. தலைநகர் பிஷ்கெக்லேருந்து எங்களுக்கு வகுப்பு எடுக்க வந்திருக்காங்க. இவங்களுக்குப் புத்தி கலங்கிப் போச்சா, இல்ல யாராவது ஏமாத்திட்டாங்களான்னு நீங்கதான் சொல்லணும்."

ஓமுர்சாக் நாரின் நகரத்தில் குற்றப் புலனாய்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெய்னெப் மேய்ச்சல் மலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் கால்நடை மருத்துவர். நாய்க்கு வைத்தியம் பார்க்க வரும் சாக்கில் அவருடைய பழைய வழக்குகளைக் கேட்டுக் கேட்டு, தானும் பாதி துப்பறிவாளர் ஆகிவிட்டதாக அவளுக்கு ஒரு நினைப்பு.

நூர்ஸாதா உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். தொழிலில் இருக்கும் கால்நடை மருத்துவர்களுக்கு வருடந்தோறும் நடக்கும் பயிற்சி வகுப்பு அது. இந்த வருடப் பாடம், ஆடுகளில் கருச்சிதைவு நோயை ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடிப்பது. பழகிப் பார்ப்பதற்காக ஒவ்வொருவரும் தத்தம் கிராமத்து வெள்ளாடுகளின் ரத்தத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். சாரிபெல் கிராமத்து ஆடுகளின் ரத்தத்தை மட்டும் நூர்ஸாதாவே, வரும் வழியில் வண்டியை நிறுத்தி, ஆட்டுக்காரரிடம் கேட்டு எடுத்துவந்தாள்.

"காலையில வகுப்புக்கு முன்னாடி தனியா சோதிச்சுப் பார்த்தேன். அஞ்சு குழாய்ல மூணுல நோய் இருக்கு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லார் முன்னாடியும் அதே குழாய்களைச் சோதிச்சேன். ஒண்ணுல கூட இல்ல."

சாரிபெல் நோயில்லாத கிராமம் என்று பெயர் வாங்கியது. அதன் ஆட்டுப் பாலாடைக்கட்டி தலைநகரச் சந்தை வரை போகிறது. அந்த நோய் பால் வழியாக மனிதர்களுக்கும் வரும் என்பதை நூர்ஸாதா சொல்லித்தான் ஓமுர்சாக் அறிய வேண்டும் என்பதில்லை. அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் அதே நோயால் விட்டு விட்டு வந்த காய்ச்சலில் இரண்டு வருடம் படுத்துக் கிடந்திருக்கிறார்.

"காலையில பார்த்ததை யார்கிட்ட சொன்னே?"

தேநீர் மேசையில் வாய்தவறிச் சொல்லிவிட்டதாக நூர்ஸாதா ஒப்புக்கொண்டாள். அப்போது அங்கே மூன்று பேர் இருந்தார்கள். ஜெய்னெப் ஒருத்தி. சாரிபெல்லுக்கு அடுத்த கிராமத்து மருத்துவன் குபாத் ஒருவன். அவன் அதைக் கேட்டதும் கோப்பையை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனான். மூன்றாமவன் அஷிர்பெக், சாரிபெல்லின் மருத்துவனே. அவன் முகம் வெளுத்தாலும் நிதானமாகத்தான் பேசினான். தன் கிராமம் என்பதற்காக மூடி மறைக்க வேண்டாம், மதியம் எல்லார் முன்னாலும் காட்டுங்கள் என்றான்.

"அறையைப் பூட்டினியா?"

"பூட்டிட்டு, சாவியை வாசல் ஆணியில மாட்டினேன். எப்பவும் அப்படித்தான். சாப்பாட்டு நேரத்துல குபாத் வெளியே போனார். அஷிர்பெக் மதிய வகுப்புக்குக் கட்டியிருந்த குதிரையைப் பார்க்க லாயத்துக்குப் போனார்."

"அப்ப குபாத்தான்" என்றாள் ஜெய்னெப். "அவரு ஆடுங்களும் அதே மேய்ச்சல்ல மேயுது. வகுப்புல ஆரம்பத்துலேருந்தே முறுக்கிக்கிட்டுதான் இருக்காரு."

அஷிர்பெக்கைச் சந்தேகிப்பது அவளுக்கு நினைத்துப் பார்க்கக்கூட முடியாத காரியம். வெளிநாட்டு மருத்துவக் குறிப்புகளையெல்லாம் கிர்கிஸ் மொழியில் பெயர்த்து, மருந்தின் அளவு முதற்கொண்டு எழுதி, மருத்துவர்களின் கைப்பேசிக் குழுவில் போடுகிறவன் அவன்தான். போன வசந்தத்தில் கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட ஒரு பசுவுக்குப் பக்கத்தில் அவள் மண்டியிட்டிருந்தபோது, கைப்பேசியில் அவன் குரல் சொல்லச் சொல்லத்தான் தாயையும் கன்றையும் பிழைக்கவைத்தாள். அந்தக் குழுவில் இருந்த பாதிப் பேருக்கு அப்படி ஒரு கதை உண்டு.

ஓமுர்சாக் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் பின்முற்றத்தில் குதிரையைச் சுற்றி நின்றிருந்தார்கள். நூர்ஸாதா வகுப்பு முடிந்த கையோடு குழாய்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள். மனம் சரியில்லாமல் மறுபடி திறந்து பார்க்கவில்லை. இப்போது திறந்தாள்.

மற்றக் கிராமங்களின் குழாய்கள் அடி முதல் நுனி வரை ஒரே சிவப்பாக இருந்தன. சாரிபெல்லின் ஐந்து குழாய்களில் மட்டும் சிவப்பு அடியில் இறங்கி, மேல் பாதியில் தெளிந்த மஞ்சள் நீர் நின்றது.

"இது என்ன, கெட்டுப்போச்சா?" என்றார் ஓமுர்சாக்.

ஜெய்னெப் குனிந்து குழாய்களை உற்றுப் பார்த்தாள். உறையாமலிருக்க மருந்து சேர்த்த குழாய்கள் அவை. அதில் ஆட்டு ரத்தம் நாளெல்லாம் நின்றாலும் இப்படிப் பிரியாது. சட்டென்று அடியில் இறங்கி, மேலே மஞ்சளாகத் தெளிவது வேறொரு பிராணியின் ரத்தம்.

"குதிரை" என்றாள். "ஐயா, இது குதிரை ரத்தம்."

நூர்ஸாதா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தனக்குப் பைத்தியமில்லை என்ற நிம்மதியைவிட, இத்தனை மருத்துவர்கள் நடுவில் ஒருவர் இதைச் செய்திருக்கிறார் என்பதுதான் அவளை உலுக்கியது. வகுப்பில் தன் கண்ணுக்கு ஏன் இது படவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றார் ஓமுர்சாக். "சோதிக்கும்போது குழாயைக் கலக்குவீங்களா?"

"சொட்டு எடுக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் கவிழ்த்து நிமிர்த்துவோம்."

"சாரிபெல் குழாயை யார் கவிழ்த்தது?"

"அஷிர்பெக். அந்தக் குழாய்த் தாங்கியை அவர்தான் கையில வச்சிருந்தார். வகுப்பு முழுக்க..." அவள் நிறுத்தினாள். "வகுப்பு முழுக்க ஆட்டிக்கிட்டே இருந்தார்."

"மத்தக் குழாய்களை?"

"மத்ததெல்லாம் மேசையில சும்மாதான் இருந்துச்சு."

நன்றாகக் கலக்க வேண்டும் என்று குழுவில் எழுதியதே அவர்தான், அது சரியான முறைதான் என்று ஜெய்னெப் வாதாடினாள். ஓமுர்சாக் மறுக்கவில்லை. ஐந்து குழாய்களையும் கவிழ்த்துக் கவிழ்த்து, சிவப்பு சீராகும் வரை கலக்கி, தாங்கியில் நிறுத்தினார். பிறகு எல்லோரையும் கூப்பிடச் சொன்னார்.

மருத்துவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நடு மேசையில் குழாய்கள். ஓமுர்சாக் அவசரப்படவில்லை. குழாய்களைப் பற்றி ஏதோ குழப்பம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மதியம் எங்கே போனாய் என்று குபாத்திடம் கேட்டார்.

குபாத் கையைக் கட்டிக்கொண்டான். "அண்ணனுக்கு போன் பண்ணப் போனேன். எங்க ஆடும் அங்கதான் மேயுது. பாலாடைக்கட்டியை விக்க வேண்டாம், வீட்டுக் குழந்தைங்களுக்குப் பச்சைப் பால் தர வேண்டாம்னு சொன்னேன். இதை எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?"

ஜெய்னெப்பின் காது சுட்டது. அவன் பக்கம் பார்க்காமல் குழாய்களைப் பார்த்தாள். ஐந்திலும் மேல்விளிம்பில் மஞ்சள் கோடு மெல்லக் கீழே அகன்றுகொண்டிருந்தது. ஓமுர்சாக் அண்ணனின் பெயரைக் கேட்டார், மேய்ச்சலுக்கு ஏறும் பாதையைக் கேட்டார், இந்த வருடம் புல் எப்படி என்று கேட்டார். கோடு விரல் அகலம் ஆனது.

அஷிர்பெக் எழுந்தான். "இங்க சூடா இருக்கு. நான் இதை எடுத்துக் குளிர்ப்பெட்டியில வச்சிடறேன்" என்று தாங்கியை எடுத்து, எடுக்கும்போதே சாய்த்தான்.

"வச்சிடு தம்பி" என்றார் ஓமுர்சாக். "அது பாட்டுக்கு நிக்கட்டும்."

அஷிர்பெக்கின் கை அந்தரத்தில் நின்றது.

"சாவி ஆணியில இருந்துச்சு, யார் வேணா எடுத்திருக்கலாம். லாயத்துல குதிரை நின்னுச்சு, இங்க இருக்கிற யாருக்கும் அதோட கழுத்துல ஊசி போடத் தெரியும். குழாய்மேல நம்பரையும் யார் வேணா எழுதலாம். ஆனா இந்த அஞ்சு குழாய் அசையாம நின்னா காட்டிக்கொடுத்துடும்னு ஒருத்தருக்குத்தான் தெரியும். மதியம் அவர் இதைக் கீழே வைக்கவே இல்ல. இப்பவும் அவராலதான் பொறுத்துக்க முடியல."

அஷிர்பெக் தாங்கியை வைத்தான். மேலங்கியின் உள்பையிலிருந்து வேறு ஐந்து குழாய்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அவற்றின்மேல் நூர்ஸாதாவின் கையெழுத்தில் எண்கள் இருந்தன.

"தூக்கிப் போட மனசு வரல" என்றான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு சோதனைப் பொருள்கள் வந்து சேரவில்லை. சோதிக்காமலே நோயில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். போன வருடம் உண்மையிலேயே சோதித்தபோது நோய் இருந்தது. அதைச் சொன்னால் முன்பு சொன்னது பொய்யாகிவிடும், குழுவில் ஒருவரும் தன் பேச்சை நம்பமாட்டார்கள் என்று பயந்து, மறுபடியும் இல்லை என்றே எழுதினான். இதையெல்லாம் அவன் தாழ்ந்த குரலில், மருந்தளவு சொல்லும் அதே தெளிவோடு சொன்னான்.

"ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று நூர்ஸாதா கேட்டாள்.

"ஆட்டுக்காரர் மருமகளுக்கு ரெண்டு தடவை கரு கலைஞ்சிடுச்சு."

ஜெய்னெப் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, உங்களுக்கு அப்பவே புரியலையா?"

அவன் தலையைக் குனிந்து அந்த ஐந்து குழாய்களை வரிசைப்படுத்தினான். அவனுக்குப் புரிந்திருக்காது, பயத்தில் கண் மறைத்திருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெளிச்சம் இருக்கும்போதே அவள் அரசு மருத்துவமனையின் மருத்துவரம்மாவை அழைத்துக்கொண்டு சாரிபெல்லுக்குப் புறப்பட்டாள். முதலில் அஷிர்பெக்கின் வீடு. அங்கேயும் யாராவது நோயில் கிடக்கலாம். அவன் மனைவி ஜிபார் நல்ல ஆரோக்கியத்தோடு, ஒன்றும் தெரியாமல், வாசலுக்கு வந்து வரவேற்றாள். ரொட்டியும் வெண்ணெயும் வைத்து, தேநீரில் பாலை ஊற்றிக் கொடுத்தாள். ஜெய்னெப் கோப்பையை வாங்கிக்கொண்டு தயங்கினாள்.

ஜிபார் சிரித்தாள். "குடி, ஒண்ணும் பண்ணாது. ரெண்டு தடவை கொதிக்க வச்சது. போன வருஷத்துலேருந்து இந்த வீட்டுல அப்படித்தான். ஒரு சொட்டு பச்சைப் பால் கூடக் குழந்தைங்க வாயில படக்கூடாதுன்னு அவருக்கு ஒரே கண்டிப்பு. நகரத்து மருமகள்னு அக்கம்பக்கத்துல என்னைக் கேலி பண்றாங்க."

ஜெய்னெப் கோப்பையை மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் தேநீர் விரிப்பில் சிந்தியது. ஜிபார் துணி எடுக்க எழுவதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள்.

பக்கத்து முற்றத்தில் ஒருத்தி வெள்ளாட்டைப் பிடித்துப் பால் கறந்துகொண்டிருந்தாள். அவளுடைய சின்ன மகள் கிண்ணத்தோடு அருகில் குந்தியிருந்தாள். ஜெய்னெப் வேலியைச் சுற்றி ஓடினாள். அந்த வீட்டுக்காரி திகைத்து நிமிர்ந்து பார்க்க, குழந்தையின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கித் தரையில் கவிழ்த்துவிட்டு, மூச்சு வாங்கத் தாயின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"அக்கா, திட்டாதீங்க. உட்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும்."