கப்பல் மாப்பிள்ளையின் பெயர்

உங்களை விட்டுப் போக மூட்டை கட்டுகிற புருஷனுக்கு, நீங்களே காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறீர்களா?

இவாஞ்சலின் அன்று காலையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. அடுப்பில் பால் கொதிப்பதற்கு முன்பே அம்மா இன்னாசியம்மாள் கொதித்தாள்.

"நாந்தேன் அன்னைக்கே சொன்னேனே! மேகத்துல வந்தவுகள நம்பிப் பிள்ளையக் குடுக்காதீகன்னு... கேட்டாகளா இந்த ஊருக்காரக?"

மேகமலைக்கு மேலே வான்கப்பல் வந்து நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. அதில் வந்தவர்களுக்குக் குடிக்க மேகம் வேண்டும். பள்ளத்தாக்குக்கு மழை வேண்டும். சண்டை முற்றியபோது, இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி ஒரு கல்யாணத்தில் சமாதானம் ஆனார்கள். அவர்கள் பக்கம் ஏலூன். இவர்கள் பக்கம், அப்பா இல்லாத இவாஞ்சலின். மூன்று வருடம் கழித்துப் பிரிந்தாலும் சமாதானம் நிற்கும் என்று பேச்சு. அந்தக் கெடு இன்றோடு முடிகிறது; அவனை ஏற்றிக்கொள்ள இன்று சாயங்காலம் கப்பல் இறங்குகிறது.

பயந்துகொண்டேதான் கழுத்தை நீட்டினாள். ஆனால் அவன் திராட்சைப் பந்தலுக்கடியில் நடந்தால் கொடிகளில் பனி இறங்கும். அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது, மலையிலிருந்து ஒரு துண்டு மேகத்தைக் கையில் ஏந்தி வந்து, சூடு தணியும்வரை கட்டிலைச் சுற்றி நிறுத்தி வைத்திருந்தான். அந்த ஈரத்துக்குள் கிடந்து அவன் முகத்தைப் பார்த்தவளுக்கு, அதன்பிறகு பயமே வரவில்லை.

"ஏங்க... காப்பி."

டம்ளரை நீட்டினாள். தடுக்கக் கூடாது என்று இருந்தாள். பாவம், தன் சனத்தோடு போய்ச் சேரட்டும்!

அம்மாவால்தான் பொறுக்க முடியவில்லை. "மாப்ள! எம் பிள்ள என்ன கொறை வச்சா? சொல்லிட்டுப் போங்க!"

"கொறை இல்ல அத்தை." ஏலூன் தரையைப் பார்த்தான். "எங்க சனத்துல பொண்டாட்டி புருசன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் அது கல்யாணம். இவ ஒரு நாளும் கூப்பிடல. ஏங்க... இந்தாங்க... அம்புட்டுத்தான். மனசில்லாதவள நான் எதுக்குக் கட்டிப் போடணும்? இவளாவது நல்லாருக்கட்டும்..."

அம்மா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் கொட்டியது.

"அடக் கிறுக்கு மாப்ள! இவ அப்பா செத்தப்ப, பூசைக்கு அவுக பேரக் கேட்டாரு மாதா கோயில் சாமியாரு. எனக்கு வாயில வரல! பக்கத்து வீட்டு இருளம்மா வந்துதேன் சொன்னா. புருசன் பேரச் சொன்னா அவுக ஆயுசு கொறையும்பாக இங்கன. ஆச வச்சவுக பேரத்தேன்யா நாங்க சொல்ல மாட்டோம்!"

இவாஞ்சலின் டம்ளரை ணங்கென்று வைத்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா? மூணு வருசமா உங்க காலடிச் சத்தத்துக்குக் காதக் குடுத்துக் கெடக்கேனே... அது தெரியலையா?"

"கேட்டா, எனக்காகப் பொய் சொல்லுவன்னு நெனச்சேன்."

அவள் உதடு துடித்தது. "சொன்னா ஆயுசு கொறஞ்சுருமே..."

"எங்க சனத்துக்கு ஆயுசு நெறைய. கொஞ்சம் கொறஞ்சா ஒண்ணுமில்ல."

"ஏலூன்..." பாதியில் குரல் உடைந்தது. அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "ஏலூன்!"

கப்பல் மாப்பிள்ளை அழுததை அந்த வீடு அன்றுதான் பார்த்தது. அவன் கண்ணீர் கீழே விழவில்லை. இரண்டு பேரையும் சுற்றி மெல்லிய புகையாய் மிதந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் இறங்கிய கப்பல், அவன் இல்லாமலே மேலே ஏறியது.

மறுநாள் காலை தூறல். பழம் வெட்ட ஆட்கள் வரவில்லை. மூன்று பேரும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தாங்களே வெட்டினார்கள்.