பம்பை நிறுத்திய பத்து நிமிடம்

தனபால் எடுத்த ஏழாவது படத்தில், பவளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

மீன் தொட்டிக்குள் சிவப்பாக எதுவும் கிடையாது. கண்ணாடியில் எதன் பிம்பமும் விழக் கூடாது என்று மதியம் மூன்று மணிக்கே ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, டிவியிலும் வைஃபை பெட்டியிலும் மினுக்குகிற விளக்குகளுக்குக்கூடக் கறுப்பு டேப் ஒட்டி, தானும் கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே படம் எடுக்கும்படி கேமராவை வைத்துவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்திருந்தான். எழுந்து கண்ணாடியைத் துடைத்தான். திரும்பிப் பார்த்தான். அக்காவின் கட்டில் கிடந்த இடம் காலியாகத்தான் இருந்தது. எட்டாவது படத்திலும் புள்ளி இருந்தது.

உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் படம் பிடிப்பது பொறுமைக்காரன் வேலை. பம்ப் ஓடினால் பவளத்தின் விரல்கள் ஆடும், படம் கலங்கும். அதனால் பம்பை நிறுத்த வேண்டும். தண்ணீர் ஓடாவிட்டால் பவளத்துக்கு மூச்சு முட்டுமே என்று, பத்து நிமிடத்துக்கு மேல் அவன் நிறுத்துவதில்லை. அந்த விஷயத்தில் அவ்வளவு அக்கறை. போனில் அலாரம் வைத்துவிட்டுத்தான் பம்பின் சுவிட்சில் கை வைப்பான்.

இப்போதும் பம்ப் நின்றிருந்தது. போத்தனூர் ஜங்ஷன் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று இழுபட்டுக்கொண்டு போகும் சத்தம் கேட்டு, தேய்ந்து, அடங்கியது. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. இருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால், தரையோரமாக, பாட்டிலில் தண்ணீர் கொப்புளிக்கிற சத்தம்.

அந்தச் சத்தத்தோடு இதே ஹாலில் ஒன்றரை வருடம் குடியிருந்தவன் அவன். அக்கா சாந்தாமணி இருபத்தாறு வருடம் ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத்தூசியை இழுத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவள். அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படித்தான். கடைசியில் ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவளுக்கு மூச்சு. மெஷினின் காற்று ஒரு பாட்டில் தண்ணீருக்குள் கொப்புளித்து, குழாய் வழியாக மூக்குக்குப் போகும். சிவப்பாக எரியும் ஆக்சிமீட்டரை விரலில் கவ்வவிட்டபடி, தொட்டிக்கு எதிரே கட்டிலில் சாய்ந்து மீன்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நம்மூட்டுக்குள்ளயே கடல் இருக்குது பாரு கண்ணு" என்பாள்.

அந்த மெஷின் ஓடினால் தரை அதிரும். தரை அதிர்ந்தாலும் படம் கலங்கும். ஒரு நாள் அவளிடமே கேட்டான்.

"அக்கா, பத்தே நிமிசமுங்க. மெசினை ஆஃப் பண்ணிக்கட்டுங்களா?"

"பண்ணிக்க கண்ணு. அதுக்கென்ன."

பத்து நிமிடத்தில் அலாரம் அடித்தது. பவளம் மூச்சு விடட்டும் என்று பம்பைப் போட்டான். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அணைத்தான். அப்படி மூன்று தடவை. மெஷினை ஒரு தடவைகூடப் போடவில்லை. அன்றைக்குத் தொட்டியிலிருந்த கோமாளி மீன் பவளத்தின் நடுவில் வந்து அப்படி போஸ் கொடுத்தது. இடையில் ஒரு சிவப்புப் புள்ளி கண்ணாடியில் மேலே எழுந்து ஆடியது. அக்காவின் கை. அவன் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தான்.

"ஆடாதீங்கக்கா. கண்ணாடில உழுகுது."

கை இறங்கியது. தம்பி சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டாள்.

வேலை முடிந்து வந்த மனைவி நித்யஸ்ரீயிடம், கரண்ட் போய்விட்டது, இன்வெர்ட்டரும் எடுக்கவில்லை என்றான். "நீங்க என்னங்க பண்ணுவீங்க, மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்று அவள்தான் தேற்றினாள். இன்வெர்ட்டருக்குப் புதுப் பேட்டரியும் வாங்கிப் போட்டாள். மெஷின் வாடகைக் கடைக்கே திரும்பிப் போனது. அன்றைக்கு எடுத்த படம் மீன் வளர்ப்பவர்களின் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. அதைப் பெரிதாக்கி, மாலை போட்ட அக்கா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாள் நித்யஸ்ரீ. தினமும் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அவன் சோறு தின்றான். இன்னொரு படம் போடச் சொல்லி குரூப்பில் நச்சரித்தார்கள். இன்று நித்யஸ்ரீ காரமடைக் கோயிலுக்குப் போனதும், வெட்கமில்லாமல் கேமராவை எடுத்துவிட்டான்.

ஒன்பதாவது படம். புள்ளியைச் சுற்றி ஒரு விரல்.

பத்தாவது படம். விரலுக்குக் கீழே, நரம்பு எழுந்த கை.

மருந்து வாடையும் பழைய தலையணை வாடையும் வந்தன. கொப்புளிக்கும் சத்தம் இப்போது அவன் பிடரிக்கு நேராக இருந்தது. திரும்பத் தைரியம் வரவில்லை.

"அக்கா" என்றான். "சொல்லிப்போடறேனுங்க. அவ வந்ததும் எல்லாத்தையும் சொல்லிப்போடறேன்."

டொக்.

சுவிட்ச் அணைகிற சத்தம். கொப்புளிப்பது நின்றது.

அவன் மூச்சை இழுத்தான். வரவில்லை. வாயைத் திறந்து இழுத்தான். கொஞ்சம் வந்தது. அடுத்தது அதுவும் இல்லை. எழப் பார்த்தான். கால் தரையில் ஊன்றவில்லை.

போனில் அலாரம் அடித்தது.

யாரும் தொடாமல் பம்ப் ஓடத் தொடங்கியது. பவளத்தின் விரல்கள் விரிந்து, சுகமாக ஆடின. மீன் அவற்றுக்குள் புகுந்து வந்தது. அவன் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. காற்று இல்லை.

பம்ப் நின்றது.

மறுபடி ஓடியது. மறுபடி நின்றது.

கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. திறந்த வாய். அதற்குப் பின்னால் யாரோ நிதானமாக உட்கார்ந்திருந்தார்கள். தனபால் கையைத் தூக்கினான். போதும் என்று. மெஷினைப் போடு என்று.

காதோரம், அதே அன்பான குரல்.

"ஆடாத கண்ணு. கண்ணாடில உழுகுது."

கேமரா க்ளிக்கென்றது. படம் திரையில் வந்தது. பவளம் ஒரு விரல்கூடக் கலங்காமல் பதிந்திருந்தது. மீன் நடுவில் நின்றிருந்தது. கண்ணாடியில் அவன் தூக்கிய கை. அதன் மேல் இன்னொரு கை, விரல் நுனியில் சிவப்பு விளக்கு எரிய, மெதுவாக அதைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது.