நந்தியாவட்டையும் நண்டுச் சிலந்தியும்

நோட்டின் வலது கட்டத்தில் மை இன்னும் காயவில்லை. அவர் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியது.

அந்த நோட்டில் இடது பக்கம் அவருடையது, நந்தியாவட்டைச் செடிக்கு. வலது பக்கம் மனைவியுடையது, அதே பூவில் பூவின் நிறத்திலேயே பதுங்கித் தேனீ பிடிக்கும் நண்டுச் சிலந்திக்கு. இருவரும் கல்லூரி ஆசிரியர்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு புத்தகம் எழுத ஆறு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கட்டத்தில் மற்றவர் கை வைக்கக் கூடாது. எதிர்க்கட்டம் காலியாக இருந்தால், 'உன் முறை' என்று அர்த்தம்.

"உங்க செடி சுத்த சோம்பேறிங்க. நின்ன இடத்துலயே பொழப்பை ஓட்டுது" என்று சீண்டுவாள்.

அவளைப் புதைத்து நாற்பது நாள் ஆகிறது. வெறிச்சென்ற வீட்டில் பேச்சுத் துணைக்காகத்தான் தன் பக்கத்தை மட்டும் தினமும் எழுதிவந்தார். எதிரே சேர்ந்துகொண்டே போன காலிக் கட்டங்கள் 'உன் முறை' என்று அவளை அழைப்பது அவருக்கு உறைக்கவில்லை.

நேற்று எழுதியது: 'கிள்ளினால் பால் வடியும்.'

இன்று மாலை எதிரே, அவள் கையெழுத்தில்: 'கிள்ளினால் ஒரு காலைக் கழற்றிவிட்டு ஓடும்.'

அடுத்த தெருவிலிருந்து அக்கா போன் செய்தாள். "சாப்பிட்டியாடா?"

"நோட்டுல அவ எழுதியிருக்காக்கா."

"அந்த நோட்டை மூடி வை. நான் இப்பவே கிளம்பி வரேன்."

மூடியிருக்கலாம். ஆனால் நாற்பது நாள் கழித்து அவள் பேசியிருக்கிறாளே! வெளியே மழை இருட்டிக்கொண்டு வர, ஈர மண் வாசனையோடு அவளுடைய பவுடர் வாசனையும் அறைக்குள் மெல்லப் பரவ, முதுகுக்குப் பின்னால் சுவரில் ஏதோ சுரண்டிக்கொண்டு இறங்கும் அரவம் நின்று நின்று கேட்க, அவர் எழுதினார்: 'பூ உதிர்ந்தாலும் செடி மறுபடி பூக்கும்.'

கண்களை மூடிக்கொண்டார். பேனா கீறும் சத்தம் கேட்டது. திறந்தார்.

'தோலை உரித்துவிட்டு வெளியே வரும். நீங்கள் புதைத்தது தோல்.'

சுவரில் அரவம் நின்றது. தோளில் ஒரு கை விழுந்தது. வெள்ளைக் கை. அவளுடைய மோதிரம்.

"வந்துட்டியாம்மா?" அவருக்கு அழுகை பொங்கியது.

விரல்கள் கழுத்தைச் சுற்றின. நான்கு. ஐந்து. ஆறு.

வாசலில் அக்கா கதவைத் தட்டினாள். "டேய், கதவைத் திறடா!"

ஏழு.

எட்டாவது விரல் அவர் கன்னத்துக் கண்ணீரைத் துடைத்தது. கையை எடுக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.